செம்பில் அமைந்த பக்கம்: தாள்ளபாக்கப் பதங்களின் ஏட்டமைப்பும் அச்சமைப்பும்

1816ஆம் ஆண்டில் ஏ. டி. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்பதனைச் சான்றுகளுடன் எடுத்துரைத்த எல்லிஸின் குறிப்பு அந்நூலின் முன்பகுதியில் இடம்பெற்றமையால் மொழியியலார் அதனை நன்கு அறிவர். அதே நூலின் முன்னுரையில் கேம்பெல் கூறும் வேறொரு செய்தி அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. திருப்பதியில் செப்பேடுகள் பெருந்தொகையாக இருப்பதனைக் கேள்வியுற்ற அவர், தெலுங்கு மொழியின் பழைய வரலாறு அவற்றில் கிடைக்கலாம் என்று கருதி, அவற்றை ஆராய்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார். கிடைத்தவையோ மிகப் பெரும்பாலும் இறைவனைப் போற்றும் பாடல்கள். மொழிவரலாற்றைத் தேடிச் சென்றவருக்கு அவை பயன்படவில்லை. அச்செய்தியை ஒரு குறிப்பாக எழுதிவிட்டு அவர் மேற்சென்றார்.

அவ்வேடுகளே தாள்ளபாக்க அன்னமாசாரியரும் அவர்தம் மகனும் பேரனும் பாடிய பதங்கள் பொறிக்கப்பெற்றவை. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் தெலுங்குப் பேச்சு வழக்கினை அறிய அவற்றைவிட விரிவான சான்றுத் தொகுதி வேறொன்று இருப்பதாகச் சொல்ல இயலாது. இலக்கண நூலார் கொச்சை என விலக்கிய வடிவங்கள், வீட்டுப் பெண்டிரின் பேச்சு, உழவர், வணிகர் ஆகியோரின் சொற்கள் அனைத்தும் அவற்றுள் உள. கேம்பெல் தேடிய பொருளில் ஒரு பெரும்பகுதி அவ்வேடுகளில்தான் இருந்தது. ஆயின் அது இலக்கண நூலின் வடிவில் இல்லை. பாட்டின் வடிவில் இருந்தது. ஒரு நூற்பரப்பு எவ்வாறு அடுக்கப்பட்டு, எத்தகைய தலைப்புகளின்கீழ், எப்பொருளின்மேல் எழுதப்பட்டுள்ளது என்பது அதனைப் பிற்காலத்தார் என்னவாகக் காண்கின்றனர் என்பதனையும் பெரிதும் முடிவு செய்துவிடுகிறது.

ஏடுகளின் இருப்பிடம்

2022 ஏப்ரலில் தனி மாவட்டத்தின் தலைநகராகும் வரையில் திருப்பதி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அச்சித்தூர் மாவட்டமோ 1911இல் வடார்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கிய இந்நிலப்பகுதியின் இயல்பினைத் திருமலைக் கோயிலிலேயே காணலாம். கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. அவை அரசன் பெயர், ஆண்டு, நாள், கொடை, பிரசாதப் பங்கு என வரையறுத்த ஒரு வரிசையில் செல்லும்; கோயிற் கணக்கர் கையெழுத்தும் திருமால் அடியார்களின் காவலில் ஒப்படைக்கும் தொடரும் இறுதியில் வரும். ஒன்றைப் படித்தவர் அடுத்ததன் எப்பகுதியில் எச்செய்தி இருக்கும் என்பதனை எளிதில் ஊகிக்கலாம்.

அதே கோயிலில், உண்டியலுக்கு எதிரே, சங்கீர்த்தன பண்டாரம் எனவும் தாள்ளபாக்க அறை எனவும் வழங்கும் சிறிய கல்லறை ஒன்று உள்ளது. செப்பேடுகள் வைக்கப்பட்டிருந்தது இவ்வறையில்தான். இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட ஏடுகள்; தெலுங்கு எழுத்து; ஏட்டின் இருபுறமும் பொறிப்பு; புறத்திற்கு மூன்றாக ஏட்டிற்கு ஆறு பாடல் என்பது பெரும்பான்மை வழக்கு. இறைவன்பால் அன்னமாசாரியர் பாடியவை 32,000 என்பது குடும்ப மரபுச் செய்தி. இன்று கிடைப்பவை பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை. நாளுக்கு ஒரு பாடலேனும் பாடினார் என்பர். எண்பது ஆண்டுக்காலம் அவ்வாறு பாடியிருப்பின் 29,000 ஆகும் என்பதனால் அம்மரபு எண்ணினை வெறும் உயர்வு நவிற்சி எனத் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஏட்டினைத் தெலுங்கில் ‘ரேகு’ என்பர். மெல்லிய உலோகத் தகட்டிற்கும் பூவிதழுக்கும் அம்மொழியில் அச்சொல் ஒன்றே. தமிழில் தங்க ‘ரேக்கு’ என வழங்குவதும் அதுவே.

ஓலையிலிருந்து செம்பிற்கு

அன்னமாசாரியர் 1503இல் மறைந்தார். அவருடைய மகன் பெத்த திருமலாசாரியர் விசயநகர வேந்தர் காலத்தில் பெருஞ்செல்வராகவும் கோயிலுக்குப் பல கொடைகள் வழங்கியவராகவும் விளங்கினார். பதங்களைச் செம்பில் பொறிக்கச் செய்தவரும் அவரே. செம்பில் ஏறுமுன் அவை ஓலையில் இருந்திருத்தல் வேண்டும். ஓலை என்பது படிக்கும் பொருட்டும் பாடும் பொருட்டும் படியெடுக்கும் பொருட்டும் அமைந்தது. நைந்தால் புதிய ஓலையில் எழுதிக்கொள்வர். எழுதுந்தோறும் வரிசை மாறும், பாடம் மாறும். செம்போ அக்காலத்தில் சாசனத்திற்குரிய பொருள். நிலக்கொடையும் பிரமதேயமும் செம்பில் எழுதப்பட்டன. ஒரு தனி மனிதரின் பாட்டுத் தொகுதியை அதே பொருளில் பொறித்துக் கோயிலினுள் அறை அமைத்து வைத்தமை, பாட்டினைக் கொடைப்பொருளாக்கியது எனலாம். கொடை திருத்தப்படாது. ஓலைச்சுவடியில் இயல்பாக நிகழும் பாடமாற்றம் இவற்றில் நிகழாமற் போனமைக்கு இதுவே காரணம். பதிப்பாசிரியருக்கு இது பெரும்பேறு. அதே வேளையில், பொறித்த காலத்து அடுக்குமுறையும் பாடலாசிரியரின் சொற்களைப் போன்றே நிலைபெற்றுவிட்டது.

அவ்வடுக்குமுறை யாது? பதங்கள் அத்தியாத்மம், சிருங்காரம் என இருபெரும் பிரிவாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனி ஏடுகளில் உள்ளன. முன்னது உலகியல் நிலையாமை, சரணாகதி, வழிபாடு ஆகியவற்றைப் பாடுவது. பின்னது அலமேல்மங்கையின் நிலையிலும் தோழியர் நிலையிலும் நின்று பாடும் அகப்பாடல். எண்ணிக்கையில் சிருங்காரப் பதங்களே மிகுதி. நாள்தோறும் பாடிய ஒருவர் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக இவ்விருவகையும் பாடியிருக்கக்கூடும். பொருள்வகையால் பிரித்தபோது நாள்வரிசை மறைந்துவிட்டது. இளமையில் பாடியது எது, முதுமையில் பாடியது எது என அறிய ஏட்டெண் உதவுவதில்லை. தெலுங்கு ஒலியன்களின் மாற்றத்தையோ வினைவடிவங்களின் மாற்றத்தையோ ஒரே ஆசிரியரின் எண்பதாண்டுக் காலப் படைப்பில் படிப்படியாகக் காட்டியிருக்கக்கூடிய சான்று இவ்வாறு நழுவிப்போயிற்று. இது பெத்த திருமலாசாரியர்மேல் குறை கூறுவதன்று. அவர் மொழியியலாருக்காக ஏடு செய்யவில்லை.

தமிழ் மரபில் இதனை ஒத்த நிலைமை தேவாரத்தில் உண்டு. அதே பதிகங்களைப் பண்முறையிலும் அடுக்குவர், தலமுறையிலும் அடுக்குவர். பண்முறை ஓதுவாருக்கு உதவும். தலமுறை தலயாத்திரை செய்வாருக்கு உதவும். இரண்டு அடுக்கும் உடனிருந்தமையால் படிப்போர் ஒன்றினை மற்றொன்றால் சரிபார்க்க முடிந்தது. திருமலை ஏடுகளில் ஒவ்வொரு பதத்திற்கும் இராகப் பெயர் தரப்பட்டிருந்தும், அது அடுக்குமுறைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படவில்லை. அடுத்தடுத்த பாடல்கள் வெவ்வேறு இராகங்களில் வருகின்றன. இராகம் ஒரு குறிப்பாக மட்டுமே நின்றது. பிரிவு பொருளைப் பற்றியதாயிற்று.

முத்திரையும் ஆசிரியரும்

திருவாய்மொழியின் ஒவ்வொரு பதிகத்து இறுதிப் பாசுரமும் பாடியவர் பெயரையும் அவர் ஊரையும், ஆயிரத்துள் இது ஒரு பத்து என்பதனையும் தன்னகத்தே கொண்டிருக்கும். ஏடு சிதறினும் பாசுரம் தன் இடத்தைத் தானே சொல்லிவிடும். ஆசிரியர் பெயர், தொகுதி, உட்பிரிவு ஆகியவை பாட்டின் யாப்பிற்குள்ளேயே அமைந்துவிட்டன என்பது பொருள். தாள்ளபாக்கப் பதங்களில் நிலைமை வேறு. அவற்றின் முத்திரை வேங்கடேசன் என்பதாகும். அது பாடியவர் பெயரன்று, பாடப்பெற்றவன் பெயர். தந்தை, மகன், பேரன் மூவரும் அதே முத்திரையினையே ஆண்டனர். நடையும் மூவரிடத்தும் பல இடங்களில் நெருங்கி வருகிறது. எனவே ஒரு பதம் அன்னமாசாரியருடையதா, பெத்த திருமலாசாரியருடையதா, சின்ன திருமலாசாரியருடையதா என்பதனை முடிவு செய்யப் பாட்டின் உட்சான்று பெரும்பாலும் போதாது. அது எந்த ஏட்டுத் தொகுதியில் உள்ளது என்பதே சான்று. பாட்டினை ஏட்டிலிருந்து பிரித்து எழுதிக்கொள்ளும் கணத்திலேயே ஆசிரியர் பெயர் ஐயத்திற்கு உள்ளாகிறது. கச்சேரி நூல்களிலும் பாட்டுத் திரட்டுகளிலும் ஏட்டெண் இன்றி அச்சாகும் பதங்களைத் தொகுப்பிற்கோ மொழிபெயர்ப்பிற்கோ எடுத்துக்கொள்வோர் இதனை மறத்தலாகாது.

முதல் ஏட்டின் ஒரு வாக்கியம்

ஏட்டமைப்பு பொருளைத் தாக்கும் முறைக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, தொகுதியின் முகப்பில் உரைநடையில் அமைந்த செய்தியே ஆகும். அன்னமாசாரியரின் வாழ்நாளைக் குறிக்கும் நேர்ச்சான்று அதுவே. அக்காலப் பொறிப்புகள் அனைத்திலும் போலவே சொற்களுக்கிடையே வெளி விடுதலும் காற்புள்ளி இடுதலும் இவ்வேடுகளிலும் இல்லை. அச்செய்தியின் கருத்தினைத் தமிழில் அதே தொடரமைப்பில் தருவதாயின் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: சக ஆண்டு 1346 ஆகிய குரோதி ஆண்டில் அன்னமாசாரியர் அவதரித்த பதினாறு ஆண்டுக்கு வேங்கடநாதன் காட்சி கொடுக்க அது முதலாகச் சக ஆண்டு 1424 துந்துபி ஆண்டுப் பால்குணத் தேய்பிறைத் துவாதசி வரையில் பாடியவை இவை.

இதன்கண் ‘குரோதி ஆண்டில்’ என்னும் காலக்கிளவி எதனைத் தழுவுகிறது? அருகில் நிற்கும் ‘அவதரித்த’ என்னும் பெயரெச்சத்தைத் தழுவுமாயின், பிறப்பு கி.பி. 1424, காட்சி கிடைத்தது 1440. அதனைக் கடந்து ‘கொடுக்க’ என்னும் வினையெச்சத்தைத் தழுவுமாயின், காட்சி 1424, பிறப்பு 1408. இரண்டும் இலக்கணத்திற்கு இயைந்தனவே. தெலுங்கிலும் தமிழிலும் எச்சங்கள் தமக்கு முன் வரும் காலக்கிளவியை ஏற்றலும் உண்டு. அது அவற்றைத் தாண்டி முடிக்கும் வினையோடு இயைதலும் உண்டு. பேசும்போது குரல் நிறுத்தம் இவ்வையத்தைப் போக்கிவிடும். எழுத்தில் ஒரு காற்புள்ளியோ ஒரு சிறு இடைவெளியோ அதனைச் செய்யும். செம்பில் இரண்டும் இல்லை. விளைவாக, தென்னிந்திய இசை வரலாற்றின் பெரும் பெயர்களுள் ஒன்றிற்குப் பிறப்பாண்டு நூல்களில் இருவகையாக வழங்குகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1408ஐ ஏற்றுக்கொண்டுள்ளது. அறுநூறாவது ஆண்டுவிழா 2008இல் கொண்டாடப்பட்டதும் அக்கணக்கினைத் தழுவியே. ஆய்வு நூல்கள் சிலவற்றில் 1424 என்பதே காணப்படுகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்விடம் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இரண்டில் ஒன்றினைத் தேர்ந்தே ஆகவேண்டும். அம்மொழியின் தொடரமைப்பு இருபொருளையும் ஒருங்கே தாங்க இடங்கொடாது. தமிழில் பெயர்ப்போர் மூலத்தின் ஐயத்தை அப்படியே வைத்திருக்க இயலும். மேலே தரப்பட்ட தொடரில் ‘குரோதி ஆண்டில்’ என்பதன்பின் ஒரு காற்புள்ளி இட்டால் அது வரலாற்று முடிவாகிவிடும். அச்சுக்கோப்பவர் பழக்கத்தால் இடும் காற்புள்ளியும் அத்தகையதே.

பல்லவி திரும்பும் இடம்

பதத்தின் உள்ளமைப்பிற்கு வருவோமாயின், பெரும்பான்மைப் பதங்கள் ஒரு பல்லவியும் மூன்று சரணங்களும் உடையன. முன்னரே குறித்த இராகப் பெயர் ஒவ்வொன்றற்கும் உண்டு, தாளம் குறிக்கப்படவில்லை. இதனால் 1950களில் இவற்றைப் பாடத் தொடங்கியோர் தாளத்தையும் பெரும்பாலும் மெட்டினையும் தாமே அமைக்க வேண்டியதாயிற்று. கொண்டமலஹரி போன்று வழக்கொழிந்த இராகப் பெயர்களும் ஏடுகளில் உண்டு. அவற்றை இன்று எவ்வாறு பாடுவது என்பது வேறொரு துறையினர் ஆய்தற்குரியது.

மொழி நோக்கில் முதன்மையானது சரணத்திற்கும் பல்லவிக்கும் உள்ள தொடரியல் உறவாகும். பல பதங்களில் சரணத்தின் இறுதியில் வினைமுற்று இராது. எச்சமாகவோ வேற்றுமை உருபேற்ற பெயராகவோ அது நிற்கும். திரும்பப் பாடப்பெறும் பல்லவியே அதனை முடித்துவைக்கும். விளக்கத்தின் பொருட்டு ஒரு மாதிரித் தொடர் அமைத்துக்கொள்ளலாம். பல்லவி ‘யாரிடம் உரைப்பேன் இதனை’ என்பதாகவும், முதற் சரணம் ‘மலைமேல் நின்றவன் மனையிறங்கி வந்து வாயில் கடந்ததை’ என்பதாகவும் இருப்பின், சரணம் தனித்து நிற்கையில் முடிவுபெறாத தொடர். பாடுவோர் பல்லவிக்குத் திரும்பும்போது, ‘கடந்ததை யாரிடம் உரைப்பேன்’ எனப் பொருள் நிரம்பும். மூன்று சரணங்கள் மூன்று வெவ்வேறு செயப்படுபொருள்களைக் கொணர்ந்து ஒரே பல்லவியோடு இயைகையில், அப்பல்லவியே மும்முறையும் வேறு வேறு பொருட்சாயல் பெறுகிறது. பதத்தின் சுவை பெரும்பாலும் இவ்விடத்தில்தான் உள்ளது.

அச்சுப் பதிப்பில் சரணத்தின் முடிவில் பல்லவியின் முதற்சொல்லை மட்டும் இருபுறமும் இரட்டைக் கோடிட்டுக் காட்டுவர். பாடத் தெரிந்தவர்க்கு அது போதும். மௌனமாகப் படிப்பவர் அதனை ஓர் அணிக்குறியாகக் கருதித் தாண்டிச் செல்வர். மொழிபெயர்ப்பாளர் பலர் பல்லவியினைத் தொடக்கத்தில் ஒருமுறை பெயர்த்துவிட்டுச் சரணங்களின் இறுதி எச்சங்களை முற்றுகளாக மாற்றிவிடுகின்றனர். படிக்க எளிதாகிறது, ஆயின் முடிவைத் தள்ளிவைத்துக் காத்திருக்கச் செய்யும் தொடரமைப்பு கெட்டுவிடுகிறது. பல்லவியினை ஒவ்வொரு சரணத்தின்பின்னும் முழுமையாக எழுதிப் பெயர்த்தல் இடத்தை அடைக்கும் என்பது உண்மையே. எனினும் தமிழ்ப் பெயர்ப்பில் அதனைத் தவிர்த்தற்கு இடப்பற்றாக்குறையைத் தவிர வேறு காரணம் காண்பது அரிது. தமிழின் எச்சத்தொடர் தெலுங்கினதைப் போன்றே முடிவிற்குக் காத்துநிற்க வல்லது.

அச்சில் ஏறிய வரலாறு

1843 முதல் 1933 வரையில் கோயில் ஆட்சி ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. அவ்வாட்சியின் இறுதிக் காலத்தில் தேவஸ்தானத்தின் சாசன ஆய்வாளராகப் பணியாற்றிய சாது சுப்பிரமணிய சாஸ்திரி கல்வெட்டுகளைப் படியெடுத்து 1930இல் அறிக்கை வெளியிட்டார். செப்பேடுகள் அறிஞருலகின் கவனத்திற்கு வந்ததும் இக்காலப் பணியினாலேயே. அவை 1920களில் ‘கண்டுபிடிக்கப்பட்டன’ என எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. கேம்பெல்லின் 1816ஆம் ஆண்டுக் குறிப்பினை நோக்க, இச்சொல் பொருந்தாது. ஏடுகள் இருப்பது தெரிந்தே இருந்தது. அவற்றைப் படிக்க வேண்டும் என்னும் எண்ணமே புதிது.

வேட்டூரி பிரபாகர சாஸ்திரி 1939இல் தோற்றுவிக்கப்பெற்ற திருவேங்கடேசுவர கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் இருந்து, 1950இல் மறையும் வரையில் இப்பணியில் ஈடுபட்டார். பேரன் சின்னன்னா துவிபதையில் இயற்றிய அன்னமாசாரியர் சரித்திரம் அவரால் பதிப்பிக்கப்பட்டது. அவருக்குப் பின்னர் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பதிப்பினைத் தொடர்ந்ததோடு பல பதங்களுக்கு மெட்டமைத்துச் சுரக்குறிப்புடனும் வெளியிட்டார். புலவரும் இசைவாணரும் ஒருவராகவே அமைந்தமை அரிய வாய்ப்பாகும். எதுகை, யதி ஆகியவற்றைக் கொண்டு அடி எங்கே முடிகிறது என முடிவு செய்வதற்குப் புலமை வேண்டும், அம்முடிவு பாடுதற்கு இயைகின்றதா எனக் காண்பதற்குச் செவி வேண்டும்.

அச்சிட்டோர் செய்த மாற்றங்கள் சிறியனவல்ல. தொடர்ந்தோடும் பொறிப்பு சொற்களாகப் பிரிக்கப்பட்டது, அடிகள் வரிகளாயின, பல்லவி தனியே நின்றது, சரணங்களுக்கிடையே வெளி விடப்பட்டது. இன்று ஒருவர் அன்னமாசாரியரின் பதம் எனக் கண்ணால் காண்பது இருபதாம் நூற்றாண்டின் அச்சுப் பக்கமே. சொற்பிரிப்பில் ஐயம் உள்ள இடங்களில் பதிப்பாசிரியரின் முடிவே பாடமாகிவிடுகிறது. தெலுங்கில் உயிரீற்றுச் சொற்கள் மிகுதியாகையால் புணர்ச்சியைப் பிரிக்கும் இடம் ஒன்றுக்கு மேற்பட்டதாக அமைதல் இயல்பு. இருப்பினும் ஒன்றினைப் பதிப்பாளர்கள் கைவிடவில்லை. ஒவ்வொரு பதத்துடனும் ரேகு எண்ணும், அவ்வேட்டில் அதன் வரிசை எண்ணும் அச்சிடப்பட்டன. அத்தியாத்மம், சிருங்காரம் என்னும் பிரிவும் அச்சுத் தொகுதிகளின் பிரிவாக நிலைத்தது. ஒரு குடும்பத்தார் ஐந்நூறு ஆண்டுகட்குமுன் அமைத்துக்கொண்ட பகுப்பு, இவ்வாறு நூலகத் தட்டுகளின் பகுப்பாகவும் ஆய்வேட்டுத் தலைப்புகளின் பகுப்பாகவும் மாறியது.

2005இல் வேல்சேரு நாராயண ராவும் டேவிட் ஷுல்மனும் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேர்ந்தெடுத்த பதங்களின் மொழிபெயர்ப்பு இவற்றை உலக வாசகரிடம் கொண்டுசென்றது. ஆங்கில வாசகரின் முன் அவை ஏட்டிலிருந்தும் இசையிலிருந்தும் விடுபட்ட தனிக்கவிதைகளாக நின்றன. தமிழில் இத்தகைய பணி மேற்கொள்வோர்க்கு நிலைமை சற்று வேறானது. தமிழ் வாசகர் பலர் இப்பதங்களை முன்னரே செவிவழி அறிந்துள்ளனர். அவர்கள் கேட்டது பாடகர் தேர்ந்த இரு சரணமாக இருக்கலாம். மூன்றாவது சரணத்தில், முத்திரைக்கு அருகில், தொடர் முடிவுறும் இடம் அவர்கள் கேளாததாக இருக்கலாம். அதனைச் சரிபார்க்க விழைவோர், தேவஸ்தானப் பதிப்பில் ரேகு எண்ணைத் தேடி, அதே ஏட்டில் முன்னும் பின்னும் உள்ள ஐந்து பதங்களையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.